வேராக்ரூஸ் சந்தையில் வாங்கிய ஆறு குஸ்தி டிவிடிகள்

என் அக்கா மகன் சரக்குக் கப்பலில் என்ஜின் பக்கம் வேலை பார்க்கிறான். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் இங்கே யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில். ஊருக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது கொண்டுவருவான். ஒரு தடவை முதுகு பிடித்துவிடும் மெஷின் ஒன்று கொண்டுவந்தான். கட்டு வைத்தியம் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு முதுகு பிடிக்கும் மெஷின்! அதை அவன் அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு டிவிடி. உறை, படம் எதுவும் கிடையாது. வெறும் வெள்ளைத் தாளில் மார்க்கர் பேனா எழுத்து.

"மாமா, மெக்சிகோ குஸ்தி. வேராக்ரூஸ் துறைமுகத்துல ரெண்டு நாள் நின்னோம். சந்தையில ஒரு கெழவர் வச்சிருந்தாரு. பட்டத்துக்கு ஆடுன ஆட்டமா மட்டும் குடுங்கன்னு கைசாடையில கேட்டு வாங்குனேன்" என்றான்.

"முகமூடி போட்டுக்கிட்டுத் தாவுவானுங்களே, அதுவா?"

"தாவறது கொஞ்சம்தான் மாமா. மூட்டு மூட்டாப் பிடிக்கிறதுதான் நெறைய. அதான் உங்களுக்குன்னு வாங்குனேன்."

ஆறும் சேர்த்து நூற்று இருபது பேசோ கொடுத்தானாம். நமக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடும் காசு. அந்தக் காசுக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் அபிப்பிராயத்தை எந்தத் தராசில் வைப்பது என்று தெரியாது. அப்பா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குச் சுளுக்கு எடுத்து, எலும்பு கட்டிப் பேர் வாங்கினார். அந்தக் கை எனக்கு வந்தது. தின்கஞ்சூன் வீட்டு முன்னறையில் ஒரு பாய், எண்ணெய்ச் சட்டி, மூங்கில் பத்தை, துணிச்சுருள், இவ்வளவுதான் என் ஆஸ்பத்திரி. வருகிறவர்களில் பாதிப் பேர் லெத்வே என்கிற குத்துச்சண்டை ஆடும் பர்மியப் பையன்கள். "சயா, சயா" (வைத்தியரே) என்று மணிக்கட்டை நீட்டுவார்கள். கையுறை கிடையாது அந்த ஆட்டத்தில். வெறும் துணியும் பட்டியும் சுற்றிக்கொண்டு குத்துவார்கள். தலையாலும் முட்டலாம். மணிக்கட்டு பிசகாமல் என்ன செய்யும்? தெயின்பியூ அரங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் திங்கட்கிழமை என் பாயில் இடம் இருக்காது.

ஆக, ஒரு மனிதன் இன்னொருவன் கையை முறுக்கினால் அது நிஜமா நடிப்பா என்று பார்க்க எனக்கு அரை நிமிஷம் போதும். அந்தத் திமிரோடுதான் முதல் டிவிடியைப் போட்டேன்.

தரத்தைப் பற்றி முதலில். எல்லாமே பழைய தொலைக்காட்சிப் பதிவுகள். யாரோ வீட்டில் டேப்பில் பிடித்து, அதை இன்னொருவர் நகல் எடுத்து, அதையும் இன்னொருவர் டிவிடியில் ஏற்றியிருக்கிறார்கள். திரையின் அடியில் ஒரு வெள்ளைக்கோடு எப்போதும் நெளிந்துகொண்டே இருக்கிறது. முகமூடியின் நீலம் சில இடத்தில் ஊதாவாகிவிடும். இரண்டாவது தட்டில் சத்தம் படத்துக்குப் பின்னால் வருகிறது. ஆள் விழுந்து எழுந்த பிறகு 'தொம்' என்று கேட்கும். வர்ணனை முழுக்க ஸ்பானிஷ். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. அது குறை இல்லை. அந்த வர்ணனையாளர் மூச்சு வாங்கும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடுகிறது. மூன்றாம் தட்டின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. நாலாம் தட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது ஒரு தனி வயிற்றெரிச்சல்.

இன்னொன்று, இது தட்டின் குற்றமில்லை. எங்கள் பக்கம் மின்சாரம் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். இரவு ஒரு மணிக்கு வந்தால் ஒரு மணிக்கு எழுந்துதான் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரி முதல் வாரம் பேசவே இல்லை.

இனி சரக்குக்கு வருவோம்.

மெக்சிகோக் குஸ்தி மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு 'கயிதா' என்று பேர், விழுதல் என்று அர்த்தம். மூன்றில் இரண்டு எடுத்தவன் ஜெயித்தான். தோள் இரண்டும் தரையில் பட நடுவர் மூன்று எண்ணினால் ஒரு கயிதா. பிடியில் சிக்கி 'போதும்' என்று ஒத்துக்கொண்டாலும் ஒரு கயிதா. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே மூலையில் போய் நிற்பார்கள், துண்டோடு ஒரு துணையாள் இருப்பான். ஆடுகிறவர்களில் இரண்டு சாதி. 'டெக்னிக்கோ' என்பவன் ஒழுங்கானவன், ரசிகர்களுக்குப் பிள்ளை மாதிரி. 'ரூதோ' என்பவன் ரௌடி. கண்ணைக் குத்துவான், முகமூடியைக் கிழிப்பான், நடுவர் திரும்பினால் அடிவயிற்றில் உதைப்பான்.

ஆனால் பட்டப் போட்டி என்று வந்துவிட்டால் அந்த ரௌடியும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறான். இதுதான் இந்தத் தட்டுகளில் என்னை முதலில் உட்கார வைத்தது. ஆட்டத்துக்கு முன்னால் அதிகாரிகள் ஏறி நிற்கிறார்கள். மெக்சிகோ நகரத்தில் குத்துச்சண்டைக்கும் குஸ்திக்கும் சேர்த்து ஒரு கமிஷன் உண்டாம். பட்டத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எடைப் பிரிவு உண்டு. நடுத்தர எடை என்றால் 87 கிலோவைத் தாண்டக் கூடாது. பிறகு இரண்டு பேரும் கை கொடுத்துக்கொண்டு, அடிதடி ஏதும் இல்லாமல், தரையில் உட்கார்ந்து ஆரம்பிக்கிறார்கள். கல்யாண வீட்டில் குடிகார மாமன் ஒருவன் தாலி கட்டும் நேரத்தில் மட்டும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கை கட்டி நிற்பானே, அந்த மாதிரி.

முதல் தட்டில் இருப்பது 1991 ஆகஸ்டில் அட்லாண்டிஸும் புளூ பாந்தரும் ஆடியது. இரண்டு பேருக்கும் முகமூடி. அட்லாண்டிஸ் டெக்னிக்கோ, குவாதலஹாராக்காரர். புளூ பாந்தர் அந்தக் காலத்தில் ரூதோ. வடக்கே லகூனா வட்டாரத்துக்காரர் என்பதால் 'லகூனா வாத்தியார்' என்று கூப்பிடுவார்களாம். வாத்தியார் என்பது சரியான பேர். அவர் ஒரு காலைப் பிடிக்கும்போது கால் எங்கே மடங்கும், எங்கே மடங்காது என்று பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது.

இந்த ஆட்டத்தை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். முதல் கயிதா நெடுக ஒருவர் கையை ஒருவர் முறுக்குகிறார்கள், காலைப் பின்னுகிறார்கள். தோள்பட்டை மூட்டை அந்தக் கோணத்தில் பிடித்தால் பத்து நாள் எண்ணெய்க் கட்டு போட வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனால் மணி அடித்து அடுத்த சுற்று வந்ததும், அந்தக் கையாலேயே எதிராளியைத் தூக்குகிறார்கள். சுளுக்கு எங்கே போச்சு? வலி எங்கே போச்சு? "ஏமாத்து வேலைடா இது" என்று மருமகனிடம் சொன்னேன். அமெரிக்கக் குஸ்தியில்கூட முழங்காலில் அடி வாங்கினவன் கடைசி வரை நொண்டுவான்.

மருமகன் சிரித்தான். "மாமா, அவங்க பாஷையில பிடிக்கு என்ன பேரு தெரியுமா? யாவே. யாவேன்னா சாவி."

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. நம் ஆட்களிடம் கேட்டால் கையை மடக்கிப் பிடிப்பதைப் 'பூட்டு' என்போம். கைப்பூட்டு, கழுத்துப்பூட்டு. நமக்குப் பூட்டு, அவர்களுக்குச் சாவி. பூட்டினால் கதை முடிந்தது. சாவி என்றால் திறக்கிற வேலையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு யாவேக்கும் ஒரு எதிர் யாவே உண்டு. நீ என் கையைப் பிடித்தாயா, நான் உன் கைக்குள்ளேயே உருண்டு உன் காலைப் பிடிக்கிறேன். காலைப் பிடித்தாயா, அதே காலால் உன் கழுத்தைச் சுற்றுகிறேன். இது எலும்பு ஒடிக்கிற சண்டை இல்லை. உனக்கு எவ்வளவு தெரியும், எனக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கிற சண்டை.

அப்பா சின்ன வயதில் லாவணி கேட்டதைப் பற்றிச் சொல்வார். மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. டேப் என்கிற தோல் வாத்தியத்தை அடித்துக்கொண்டு இரண்டு பேர் விடிய விடியப் பாடுவார்களாம். ஒருவன் கேள்வியைப் பாட்டாய்ப் போட்டால் மற்றவன் அதே மெட்டில் பதிலைப் போட வேண்டும். பதில் வராமல் டேப் மட்டும் அடிக்க ஆரம்பித்தால் ஆள் தோற்றான் என்று அர்த்தம். அங்கே யாராவது "நேற்று அவன் கேட்ட கேள்வி உனக்கு இன்னும் வலிக்கிறதா?" என்று கேட்பார்களா? கேள்விக்குப் பதில் வந்தால் கணக்கு நேர். அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான்.

அன்றைக்கு இரவே அதே தட்டைத் திரும்பப் போட்டேன். முதல் கயிதா அரை வேகத்தில்தான் நகரும், பொறுமை வேண்டும். பாந்தர் போடுகிறார், அட்லாண்டிஸ் அவிழ்க்கிறார். அவிழ்த்த கையோடு இன்னொன்றைப் போடுகிறார். நடுவில் இரண்டு பேரும் எழுந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் சில விநாடிகள் இருக்கின்றன பாருங்கள், அந்த மௌனத்தில் அரங்கமே கைதட்டும். யாரும் யாரையும் அடிக்கவில்லை, எதற்குக் கைதட்டு? 'நல்ல பதில்' என்பதற்கு. அட்லாண்டிஸுக்குச் சொந்தமாக ஒரு பிடி உண்டு, எதிராளியை மூட்டை மாதிரி இரண்டு தோளிலும் குறுக்கே போட்டுக் கழுத்தையும் காலையும் கீழே இழுத்து வில்லாக வளைப்பது. அதற்கு அவர் பேரே வைத்திருக்கிறார்கள், 'அட்லாந்திதா'. அப்பா மூட்டை தூக்கியவர்களைப் பார்த்த கண்ணால் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. அந்தப் பிடி எப்போது வரும், வராமலே போகுமா என்று கடைசிச் சுற்று முழுக்க வயிற்றில் ஒரு பிசைவு. யார் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டாலும் பார்க்கப் போகிறவர்களின் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

ஆறில் இந்த ஒன்று மட்டும் வந்திருந்தாலும் நூற்று இருபது பேசோ சரிதான்.

இரண்டாம் தட்டு, 1990 ஜூனில் எல் டாண்டியும் அன்ஹெல் அஸ்தேக்காவும் உலக நடுத்தர எடைப் பட்டத்துக்கு ஆடியது. டாண்டிக்கு முகமூடி கிடையாது, அஸ்தேக்காவுக்கு உண்டு. முகமூடி இல்லாதவன் முகத்தில் யோசனை ஓடுவது தெரியும். முகமூடிக்காரன் உடம்பாலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அந்த வித்தியாசத்துக்காகவே இதைப் பார்க்கலாம். சத்தம் பின்தங்கி வருவதால் நான் ஊமைப்படமாக்கித்தான் பார்த்தேன், அதில் ஒன்றும் குறையவில்லை. அஸ்தேக்கா 2007-இல் ஒரு ஆட்டம் முடிந்த கையோடு நெஞ்சு அடைத்து இறந்துபோனார் என்று மருமகன் போனில் படித்துச் சொன்னான். அதைக் கேட்ட பிறகு அவர் மூச்சு வாங்கும் இடங்களில் என்னால் சும்மா உட்கார முடியவில்லை. டாண்டி பிற்பாடு அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அவரைச் சிரிப்புக்கு ஆளாக்கி, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தோற்க வைத்தார்களாம். இந்தத் தட்டைப் பார்த்தவன் அதைக் கேட்டால் கொதித்துப் போவான்.

மூன்றாம் தட்டின் மேல் 'பட்டம்' என்று அர்த்தப்படும் வார்த்தை எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பது சாங்ரே சிக்கானாவும் எம்.எஸ்.-1 என்பவரும் 1983 செப்டம்பரில் முடியைப் பணயம் வைத்து ஆடியது. தோற்றவனுக்கு மேடையிலேயே மொட்டை. இந்த ஆட்டங்களை நடத்திய குஸ்திக் கம்பெனியை சால்வதோர் லுட்டெரோத் 1933-இல் ஆரம்பித்தார். இது அதன் ஐம்பதாம் ஆண்டு விழா ஆட்டம். ரத்தம், முஷ்டி, வன்மம். பெரிய பேர் வாங்கிய ஆட்டம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ரத்தம் பார்க்க நான் மெக்சிகோ வரை போக வேண்டியதில்லை, தெயின்பியூவில் எத்தனையோ வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டுக்காரி பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டாள். ஒரு வகையில் அந்தக் கிழவர் நல்லதுதான் செய்தார். இதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பட்டப் போட்டியில் என்னென்ன இல்லை என்பது தெரிகிறது. முடிக்கும் முகமூடிக்கும் ஆடினால் பழி. பட்டத்துக்கு ஆடினால் படிப்பு.

நடுவில் ஒரு கதை. மணிக்கட்டுக் கட்டோடு ஒரு லெத்வே பையன் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் தட்டைப் பார்த்தான். கால் மணி நேரம் பொறுத்தான். "சயா, இவங்க எப்ப அடிக்க ஆரம்பிப்பாங்க?" என்று பர்மியில் கேட்டான். அவன் ஆட்டத்தில் பழைய முறைப்படி புள்ளிக் கணக்கே கிடையாது. ஐந்து சுற்று, ஒருவன் விழுந்து எழாவிட்டால் தோல்வி, இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால் சமன். விழுந்தவனுக்கு இரண்டு நிமிஷம் அவகாசம் வாங்கி, தண்ணீர் அடித்து எழுப்பி மறுபடி அனுப்பலாம், அது ஒரே ஒரு தடவை. அப்படிப்பட்ட ஆட்டத்தில் வளர்ந்த பையனுக்கு, ஒருவன் இன்னொருவன் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு யோசிப்பது தூக்கம் வருகிற சமாசாரம்தான்.

"இந்தா, படு" என்றேன். திரையில் பார்த்த 'தப்பத்தீயா' என்ற பிடி. ரித்தோ ரொமேரோ என்ற பழைய ஆள் கண்டுபிடித்ததாம். எதிராளியைக் குப்புறப் போட்டு, அவன் கால் இரண்டையும் மடக்கி நம் காலால் பின்னி, கை இரண்டையும் பின்னாலிருந்து பிடித்து, அப்படியே நாம் மல்லாந்து சாய்ந்தால் அவன் கூரையைப் பார்த்து ஆகாயத்தில் தொங்குவான். பார்க்கப் பெரிய சித்திரவதை மாதிரி இருக்கும். தோளின் முன்பக்கமும் முழங்காலும் நன்றாக இழுபடும், நிஜம்தான். ஆனால் போட்டவனுக்கும் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அவன் முதுகு தரையில் இருக்கிறது. தோள் இரண்டும் பட்டுவிட்டால் நடுவர் அவனுக்கே மூன்று எண்ணிவிடலாம். கேள்வி கேட்டவனே தன் கேள்வியில் மாட்டுவது, லாவணியிலும் அது உண்டு என்று அப்பா சொல்வார்.

எனக்கு அறுபத்தொரு வயது. காலைப் பின்னும் வரை சரியாக வந்தது. சாய்ந்தேன். பையன் ஆகாயத்துக்குப் போகவில்லை. என் இடது முழங்கால் சில்லு போன திசை எனக்கே தெரியவில்லை. அவன் கையில் கட்டு, அவனால் ஊன்றி எழ முடியாது. என் கால் அவன் காலுக்குள். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. இருட்டில் இரண்டு பேரும் பாயில் பின்னிக்கொண்டு கிடந்ததை, மெழுகுவத்தியோடு வந்த வீட்டுக்காரி பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெழுகுவத்தியைத் தரையில் வைத்துவிட்டு ஒவ்வொரு காலாகப் பிரித்தெடுத்தாள். "வைத்தியருக்கு யாரு கட்டுப் போடுவா?" என்று மட்டும் கேட்டாள். மூன்று நாள் எனக்கே எண்ணெய்க் கட்டு. அந்தப் பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டிவிடி பார்க்க வருகிறான். அடிக்கிறார்களா இல்லையா என்று கேட்பதில்லை.

ஐந்தாம் தட்டு, 1992 ஜூலையில் எல் டாண்டியும் நெக்ரோ காசாஸும். இரண்டு பேரும் முகமூடி இல்லாதவர்கள் என்பதால் இது முகங்களின் ஆட்டம். காசாஸின் அப்பாவும் குஸ்திக்காரர், பிறகு நடுவரானவர். பிள்ளை அறுபது வயது தாண்டியும் மேடையேறினார். குஸ்தியைத் தாய்ப்பாலோடு குடித்தவன் எப்படி இருப்பான் என்று அவர் நடையிலேயே தெரியும். பிடிகளின் அடர்த்தி முதல் தட்டு அளவுக்கு இல்லை, வேகம் அதிகம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன். வீட்டுக்காரி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தது இது ஒன்றுதான். அவள் காசாஸ் பக்கம்.

ஆறாம் தட்டு, 2011. விருஸ் என்ற குள்ளமான மனிதரும் கெர்ரேரோ மாயா ஜூனியரும் ஜூன் மாதம் ஆடியது. படம் நன்றாகத் தெரிகிறது, வெள்ளைக்கோடு இல்லை. விருஸ் முன்னாளில் குட்டை ஆட்களுக்கான பிரிவில் வேறு பேரில் ஆடியவர். தரையில் அவர் பாம்பு. பழைய பள்ளிக்கூடம் இன்னும் மூடவில்லை என்று காட்டத்தான் கிழவர் இதைக் கடைசியில் சேர்த்திருக்க வேண்டும். எனக்குப் பிடித்தது, ஆனால் முதல் தட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்த மாதிரி இதைப் பார்க்கத் தோன்றவில்லை.

1980-களுக்கு முந்தியது ஏதும் இல்லையா என்று மருமகனிடம் கேட்டேன். 1950-களில் மெக்சிகோ நகரத்தில் குஸ்தியைத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். அதனால் வெள்ளி முகமூடி எல் சாந்தோவும் அவர் ஜோடி கோரி கெர்ரேரோவும் ஆடிய காலத்துப் பட்டப் போட்டிகள் படமாக மிஞ்சியது மிகக் கொஞ்சம். கோரி கெர்ரேரோ யார் தெரியுமா? நம் பையன்களுக்கெல்லாம் தெரிந்த அமெரிக்கக் குஸ்திக்காரர் எடி கெர்ரேரோவின் அப்பா. குப்புறப் போட்டு முதுகில் குதிரை ஏறி உட்கார்ந்து தாடையைப் பின்னால் இழுக்கும் பிடி இருக்கிறதே, அது அவர் கண்டுபிடித்தது என்பார்கள். இடுப்புக்குக் கெடுதல், சின்னப் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. அறுபத்தொரு வயதுக்காரர்களும்.

லெத்வேக்காரர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு ஒற்றுமை. நல்ல ஆட்டம் ஆடினால் நம்மூரில் பார்க்க வந்தவர்கள் ஆட்டக்காரன் கையில் கியாட் நோட்டைத் திணிப்பார்கள். அங்கேயும் ஆட்டம் மனதுக்கு நிறைந்தால் ரசிகர்கள் காசை மேடைக்கு வீசுவார்களாம், ஜெயித்தவன் தோற்றவன் இரண்டு பேருக்கும் சேர்த்து.

இப்போது நாலாம் தட்டு. 1984 செப்டம்பர். கிரான் கொச்சிஸும் எல் சத்தானிக்கோவும், உலக நடுத்தர எடைப் பட்டம். சத்தானிக்கோ என்றால் சாத்தான்தனமானவன் என்று அர்த்தம், பேருக்கேற்ற ரூதோ. முகமூடி கிடையாது. அந்த முகத்துக்கு முகமூடி தேவையும் இல்லை. வலி, கள்ளம், பெருமை எல்லாவற்றையும் கண்ணிலேயே வைத்திருக்கிறார். குவாதலஹாராவில் தியாப்லோ வெலாஸ்கோ என்று ஒரு பெரிய ஆசான் இருந்தார். சத்தானிக்கோ, கொச்சிஸ், முதல் தட்டின் அட்லாண்டிஸ் எல்லாரும் அவர் கையில் படித்தவர்கள். ஒரே வாத்தியாரிடம் படித்த இரண்டு பேர் மோதினால் எப்படி இருக்கும்! ஒருவன் கேள்வியை முடிக்கும் முன்பே மற்றவனுக்குப் பதில் தெரியும். அதனால் கேட்கிறவன் பாதியிலேயே கேள்வியை மாற்றுகிறான். சாத்தான் பேர் வைத்துக்கொண்ட ஆள் ஒழுங்காக, அளந்து அளந்து, பட்டத்துக்கு மரியாதை கொடுத்து ஆடுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. ஆறில் சிறந்தது முதல் தட்டு என்று மேலே எழுதிவிட்டேன். இது முழுதாக இருந்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா தெரியாது.

ஆளுக்கு ஒரு கயிதா. மூன்றாவது ஆரம்பிக்கிறது. இரண்டு பேருக்கும் களைப்பு, பிடிகள் நழுவுகின்றன, அரங்கம் இரண்டாகப் பிரிந்து கத்துகிறது. தட்டு நின்றுவிட்டது.

துடைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினேன். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்று பக்கத்துவீட்டுக்காரர் சொன்னார், தேய்த்தேன். அனோரதா சாலையில் டிவிடி பிளேயர் ரிப்பேர் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோய் வேறு மெஷினில் போட்டுப் பார்த்தேன். அதே இடம். சத்தானிக்கோ கையை நீட்டிக்கொண்டு குனிந்திருக்கிறார், கொச்சிஸ் பாதி எழுந்திருக்கிறார், அப்படியே கட்டம் கட்டமாக உறைந்துவிடுகிறார்கள்.

எனவே, வாங்கலாமா என்று கேட்டால்: யாராவது கப்பல்காரர் வேராக்ரூஸ் பக்கம் போனால் வாங்கச் சொல்லுங்கள், ஆனால் கடையிலேயே ஒவ்வொரு தட்டையும் கடைசி வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிழவரிடம் ஒரு சின்னத் திரை இருந்ததாம், இவன்தான் அவசரத்தில் பார்க்கவில்லை. கப்பல் செவ்வாய்க்கிழமை கட்டி வியாழக்கிழமை அவிழ்த்திருக்கிறது. மெக்சிகோ நகரத்தில் 1956-இல் கட்டிய பெரிய அரங்கம் 'அரேனா மெஹிக்கோ'வில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டம் உண்டாம். ஒரு நாள் தள்ளிக் கட்டியிருந்தாலும் துறைமுகத்திலிருந்து அவ்வளவு தூரம் போய்வர இவனுக்கு லீவு கிடைத்திருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் எனக்கு அந்த வியாழக்கிழமைமேல் ஒரு கோபம்.

"மாமா, யாரு ஜெயிச்சான்னு போன்ல தேடுனா ஒரு நிமிஷத்துல வந்துரும்" என்றான் மருமகன், போனை எடுத்துக்கொண்டே.

"வையிடா அத" என்றேன்.

அடுத்த மாதம் அவனுக்குக் கப்பல். இந்தத் தடவை எந்தத் துறைமுகம் என்று இன்னும் தெரியவில்லையாம். ஒரு துண்டுத்தாளில் அந்த இரண்டு பேர்களையும் 1984 என்ற எண்ணையும் ஸ்பானிஷ் எழுத்தில் எழுதி வாங்கி அவன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன்.